கல்யாண வீட்டின் கடைசிப் பாட்டு



சென்ற ஷவ்வால் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்து போன பிறகு, எங்கள் மஹல்லாவாசிகளில் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். என் தகப்பனாரின் வயதுடையவர். முன் வரிசை தவறாதவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். மகளின் நிகாஹ் சம்பந்தமான விவரமாக இருக்கும் என்று எண்ணிப் பிரித்தேன். அதுவன்று.

திருமண வரவேற்பில் பாட்டுப் போடுவதற்காக அமர்த்தப்பட்ட டி.ஜே. கொடுத்தனுப்பிய தாள் அது. மணமக்கள் மேடைக்கு வரும்போது என்ன பாட்டு, கேக் வெட்டும்போது என்ன பாட்டு, தோழர் தோழியர் ஆடும்போது என்ன பாட்டு என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தது. எல்லாக் கட்டங்களிலும் சினிமாப் பாட்டுகளின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. கடைசிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்கு நேரே 'இறுதி ஆட்டத்திற்கான பாட்டு' என்று அச்சிட்டிருந்தார்கள்.

"ஆலிம்சா, இந்த ஆட்டம் பாட்டம் எதுலயும் எனக்கு இஷ்டமில்லே. மாப்பிள்ளை வூட்டுப் புள்ளைங்களும் எங்க வூட்டுப் புள்ளைங்களும் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க. முன்பணமும் கொடுத்தாச்சு. என் மவ மட்டும் வந்து, கடைசிப் பாட்டை நீங்கதான் வாப்பா சொல்லணும், அது முடிஞ்சதும் நான் அவங்க வூட்டுக்குப் போயிடுவேன்லன்னு சொல்லி, தாளைக் கையில வச்சுட்டுப் போயிடுச்சு. நான் என்னத்த எழுத? பாட்டே ஹராம்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா, அதைக் காட்டி எல்லாத்தையும் நிறுத்திடுவேன்" என்றார்.

இரண்டு நாள் தவணை கேட்டேன். ஒரு வரி எழுத ஆலிமுக்கு இரண்டு நாள் எதற்கு என்று அவர் நினைத்திருக்கக் கூடும். அந்த ஒரு வரியை நான் முன்பே ஒரு முறை, ஒரு கல்யாண வீட்டில், எழுதாமல் வாயாலேயே சொன்னவன். அதனால்தான் தவணை கேட்டேன்.

அது 2012-ஆம் ஆண்டு. ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதி, ஸனது வாங்கி, தலைப்பாகை கட்டி ஊர் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. என் தங்கைக்குக் கல்யாணம். மக்ரிபுக்குப் பின் பெண்ணை அனுப்புகிற நேரம். உள்ளே பெண்கள் கூடியிருந்தார்கள். என் உம்மாவைப் பெற்ற உம்மம்மாவுக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது. ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்து, விரல்களால் தட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார்கள். எங்கள் குடும்பத்தில் பெண்ணை அனுப்பும்போதெல்லாம் பாடுகிற பாட்டு அது. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அவர்களுடைய உம்மா பாடக் கேட்டு அவர்கள் பாடம் செய்தது. எங்கள் பெண்ணுக்கு இன்னது தெரியும், இன்னது தெரியாது, தெரியாததைச் சொல்லிக் கொடுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதாக அதில் வரும். அவள் மீன் குழம்பில் புளியைக் கூட்டிவிடுவாள் என்றுகூட வரும். சிறு வயதில் அந்த இடத்தில் நாங்களெல்லாம் சிரிப்போம்.

நான் திரைக்கு இப்பால் நின்றிருந்தேன். பாட்டின் நடுவே, மணப்பெண்ணுக்குப் பிள்ளைப் பாக்கியம் தரும்படி ஓர் இறைநேசரை அழைத்துக் கேட்கிற அடி ஒன்று வந்தது. மற்ற அடிகளையெல்லாம் மறந்துவிட்டு அந்த ஓர் அடியைப் பிடித்துக்கொண்டேன். திரையை விலக்காமலே உரத்த குரலில் சொன்னேன்: "உம்மம்மா, நிறுத்துங்க. இதெல்லாம் பித்அத்து. கல்யாண வூட்டுல பாட்டே கூடாது."

தாம்பாளத்தின் ஓசை நின்றது. "ஓதுன புள்ளை சொல்லுது. சரியாத்தான் இருக்கும்" என்று உம்மம்மா சொன்னது எனக்குக் கேட்டது. என் தங்கை வாய் பேசாத பெண்களின் நடுவே நடந்து வந்து காரில் ஏறினாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். மேடையில் மெல்லிசைக் குழுவினர் சினிமாப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. புதுச் சம்பந்தம், தங்கை வாழப் போகும் வீடு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பிரியாணியை உண்டு, கை கழுவித் திரும்பினேன். எழுபது வயதுப் பாட்டியின் தாம்பாளத்தை நிறுத்த எனக்கு இருந்த ஈமானிய வேகம் அந்த மண்டபத்தில் எங்கே போயிற்று என்று அன்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு பல முறை கேட்டிருக்கிறேன்.

உம்மம்மா அதன் பின் எந்தக் கல்யாணத்திலும் பாடவில்லை. 2014-இல் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களுடைய கப்ரை விசாலமாக்கி வைப்பானாக.

சகோதரர்களே! அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. மதரஸாவின் கடைசி வருடத்தில் ஸிஹாஹ் ஸித்தா ஓதும்போது, கல்யாண வீட்டுப் பாட்டைப் பற்றிய ஹதீஸ்கள் அத்தனையும் ஓதிக் கடந்தவன்தான் நான். கிதாபில் ஓதியதை வீட்டு வாசலில் நினைக்கத் தவறினேன். அவற்றைத்தான் அந்த இரண்டு நாளில் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஸஹீஹுல் புகாரியில் நிகாஹுடைய பாடத்தில் வருகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை மணக்கோலம் செய்வித்து அன்ஸாரி ஒருவரின் இல்லத்திற்கு அனுப்பி வைத்தார்கள். அப்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள், உங்களோடு களிப்பூட்டுவது ஏதும் இல்லையா, அன்ஸாரிகள் அதை விரும்புகிறவர்களாயிற்றே என்ற கருத்தில் வினவினார்கள். இப்னு மாஜாவில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பு இன்னும் விரிவானது. அதன் ஸனதைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆயினும் அதன் அடிப்படைக் கருத்து புகாரியின் அறிவிப்போடு ஒத்துப் போகிறது. அதில் பெருமானார் (ஸல்) அவர்கள், பெண்ணை அனுப்பிவிட்டீர்களா என்று முதலில் கேட்கிறார்கள். ஆம் என்றதும், பாடுகிறவள் ஒருத்தியை அவளுடன் அனுப்பினீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும், இன்ன விதமாகப் பாடுகிறவளை அனுப்பியிருக்கலாமே என்று பாட்டையும் எடுத்துச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். கல்யாணம் முடிந்தது, பெண் புறப்பட்டுப் போய்விட்டாள். இனி அதைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? சீர் என்ன கொடுத்தீர்கள் என்றோ, எத்தனை பேருக்குச் சோறு போட்டீர்கள் என்றோ அந்த அறிவிப்பில் கேள்வி இல்லை. பாட்டு இல்லாமல் அந்தப் பெண் போனதைப் பற்றியே கேள்வி. நம்முடைய பெரியவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்த கேள்வியும் அதுதான். மகள் வாசலைத் தாண்டும்போது எந்தப் பாட்டு?

பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த பாட்டை நான் இங்கே எடுத்தெழுதவில்லை. அதன் பொருளை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். உங்களிடம் நாங்கள் வந்திருக்கிறோம் என்று பெண்ணுடன் வந்தவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கும் உங்களுக்கும் வாழ்த்து உண்டாகட்டும் என்கிறார்கள். அது ஒரு ஸலாம் போன்றது. போகிற வீட்டின் வாசலில் நின்று, அந்த வீட்டாரின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படுவது. பெண் தனியாக அந்நிய வீட்டுக்குள் நுழையவில்லை, அவளுக்கு முன்னே ஒரு குரல் நுழைந்து அவளுக்காக இடம் கேட்கிறது.

என் உம்மம்மாவின் பாட்டும் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசிய பாட்டுத்தான். மீன் குழம்பில் புளி கூடிப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சம்பந்தியிடம் சிரிப்போடு சொல்லி வைக்கிற பாட்டு. மதீனத்து அன்ஸாரிகளின் வாசலில் நடந்த அந்தக் காரியம் எங்கள் ஊர்த் தமிழில் நடந்து கொண்டிருந்திருக்கிறது. ஓதி வந்த நான் அதை அறியவில்லை, ஓதாத உம்மம்மா அதைச் செய்து கொண்டிருந்தார்கள். (காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அங்கே இந்தப் பாட்டை மாப்பிள்ளைக்குத்தான் பாட வேண்டும் போலும்!)

சரி, பாட்டில் பிழையான அடி இருந்ததே, அதை விட்டுவிட முடியுமா என்று கேட்பீர்கள். விட முடியாது. அதற்கும் ஹதீஸ் இருக்கிறது, அதுவும் ஒரு கல்யாண வீட்டில் நடந்ததுதான்.

ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணி சொல்கிறார்கள், புகாரியில் இருக்கிறது. அவர்களுக்கு மணம் நடந்த மறுநாள் காலை பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து அமர்ந்தார்கள். சிறுமிகள் தஃப் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். என்ன பாட்டு? பத்ருப் போரில் உயிர் நீத்த தங்கள் தந்தையரைப் பற்றிய பாட்டு. மணப்பெண்ணின் தந்தை முஅவ்வித் (ரலி) அவர்களும் பத்ரில் ஷஹீதானவர்தாம். தகப்பன் இல்லாத கல்யாணத்தில் தகப்பன்மாரைச் சொல்லிப் பாடுகிறார்கள். பெருமானாரைக் கண்டதும் ஒரு சிறுமிக்கு உற்சாகம் மேலிட்டது. நாளை நடப்பதை அறிகிற நபி நம்மிடம் இருக்கிறார் என்று ஓர் அடியைச் சேர்த்துவிட்டாள்.

மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்பது நம் ஈமானின் அடிப்படை. அந்த அடி சாதாரணப் பிழையன்று. இருந்தும் பெருமானார் (ஸல்) அவர்கள் செய்தது என்ன? அந்தச் சொல்லை விட்டுவிடச் சொன்னார்கள். முன்பு பாடிக்கொண்டிருந்ததையே தொடர்ந்து பாடச் சொன்னார்கள்.

ஓர் அடி நீங்கியது. பாட்டு தொடர்ந்தது. தஃப் நிற்கவில்லை. அந்தச் சிறுமி தலை குனிந்து எழுந்து போக நேரவில்லை. அகீதாவில் யாருக்கும் விட்டுக் கொடுக்காத நாவுதான் அப்படிச் சொன்னது. நானோ ஓர் அடிக்காக முழுப் பாட்டையும், பாட்டோடு பாடியவரையும் சேர்த்து நிறுத்தினேன்.

நஸாயீயில் இன்னொரு செய்தி உண்டு. ஆமிர் பின் ஸஅத் (ரஹ்) என்ற தாபிஈ ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைகிறார். பெண் பிள்ளைகள் பாடுகிறார்கள். குரழா பின் கஅப் (ரலி), அபூ மஸ்ஊத் அல்அன்ஸாரீ (ரலி) ஆகிய இருவரும் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நபித்தோழர்களான உங்கள் முன்னாலேயா இது நடக்கிறது என்று இவர் திகைக்கிறார். விரும்பினால் எங்களோடு உட்கார்ந்து கேள், இல்லையேல் போய்விடு, கல்யாணத்தில் களிப்புக்கு எங்களுக்குச் சலுகை அளிக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். இந்த ஹதீஸைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாபிஈயின் இடத்தில் திரைக்கு இப்பால் நின்ற என்னையே பார்க்கிறேன்.

இதுவரை படித்த இளைஞர்களில் சிலர் இதற்குள் மகிழ்ந்து போயிருப்பார்கள். ஆலிமே சொல்லிவிட்டார், டி.ஜே.யை வரச் சொல்லலாம் என்று. பொறுங்கள், அந்த மகிழ்ச்சி நிலைக்காது.

கல்யாணத்தில் தஃப் தட்டுவது ஆகும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். அதில் சிறு சலங்கைகள் கோத்திருந்தாலும் ஆகும் என்கிறார்கள். அதே இடத்தில், ஆட்டம் தன்னளவில் ஹராமன்று, குழைந்து நெளிந்து ஆடுவதாக இருந்தால் ஹராம் என்றும் எழுதியிருக்கிறார்கள். இது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபி மத்ஹபில் ஆட்டத்தைப் பற்றி இதைவிடக் கண்டிப்பு. நரம்புக் கருவிகளும் துளைக் கருவிகளும் கூடாது என்பது நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மையோரின் முடிவு. இப்னு ஹஸ்ம் போன்றோர் மாற்றுக் கருத்துக் கொண்டது தெரிந்ததே. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஏனென்றால் மண்டபத்தில் நடக்கும் காரியத்தை இப்னு ஹஸ்மும் காப்பாற்ற மாட்டார்.

அங்கே என்ன நடக்கிறது? மஹ்ரமல்லாத ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் கை கோத்து ஆடுகிறார்கள். பாட்டின் சொற்களை வாப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க முடியாது. நபியவர்களின் பள்ளியில் ஹபஷிகள் ஈட்டிகளோடு விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்தார்களே என்று ஒரு கல்லூரித் தம்பி என்னிடம் கேட்டார். பார்த்தார்கள், உண்மை. ஆடியவர்கள் ஆண்கள், ஆடியது ஆயுத விளையாட்டு. பார்த்தவர் பெருமானாரின் பின்னே மறைவாக நின்று பார்த்தார். அந்த ஹதீஸை ஆதாரமாகக் காட்டி மணப்பெண்ணை மேடையில் ஆட வைப்பது நியாயமாகாது.

இன்னொன்று இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. கூட்டத்தில் ஆளுக்கு ஒரு செல்போன். அரை நிமிட ஆட்டத்தைப் படம் பிடித்து, பெண் மாப்பிள்ளை வீடு போய்ச் சேருமுன் ஊரெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஆட்டம் முன்பெல்லாம் அந்தக் கூடத்தோடு முடிந்தது. இன்று முன்பின் தெரியாதவன் கையில் பத்து வருடம் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஹலாலான உறவுக்கும் ஹராமான உறவுக்கும் வேறுபாடு தஃபும் குரலொலியும் என்ற கருத்துள்ள நபிமொழி திர்மிதீ, நஸாயீ முதலிய கிரந்தங்களில் வருகிறது. ரகசியமாகச் சேராதே, ஊரறியச் சேர் என்பதே அதன் கருத்து. அதற்காகத்தான் ஓசை. எங்கள் சிறு வயதில் கல்யாண வீடு எது என்று வெளியூரார் கேட்டால், இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்களின் குரல் கேட்கிற வீடு என்று கைகாட்டுவார்கள். 2015-இல் அவர் மறைந்த பிறகும் சில ஊர்களில் அந்த வழக்கம் இருக்கிறது. ஆனால் இரவு பதினோரு மணிக்குப் போடுகிற கடைசி ஆட்டப் பாட்டு யாருக்கு அறிவிப்பு? பக்கத்து வீட்டு நோயாளிக்கா? இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியை வெளியே வைத்து அலற விடக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி நம் கிதாபுகளிலும் அதற்கு மேலேயே இருக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கல்யாணப் பாட்டுக்கு மஸ்அலா கேட்டு என்னிடம் பலர் வந்திருக்கிறார்கள். வாங்குகிற கைக்கூலிக்கு மஸ்அலா கேட்டு மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் இதுவரை வந்ததில்லை.

மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு பெரியவர் வந்தார். "எழுதியாச்சா ஆலிம்சா?" என்றார்.

மேடை ஆட்டம் கூடாது, அதை நிறுத்துங்கள், என் பெயரைச் சொல்லியே நிறுத்துங்கள் என்றேன். ஆனால் பாட்டே ஹராம் என்று என்னால் எழுத முடியாது, மகள் உங்களுக்காக விட்டு வைத்த கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள் என்றும் சொன்னேன்.

"எனக்கு ஒரு பாட்டும் தெரியாதே!"

"உங்க வீட்டம்மா இந்த ஊருக்கு வாழ வந்தப்ப யார் பாடினாங்க?"

அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, "எங்க மூத்த ராத்தா பாடுச்சு. அதுக்கு இப்ப எண்பது ஆவப்போவுது. நினைவு இருக்கோ என்னவோ" என்றார்.

அடுத்த நாளே பஸ் ஏறி ராத்தாவின் ஊருக்குப் போயிருக்கிறார். ராத்தா சொல்லச் சொல்ல, பேத்தி பள்ளிக்கூட நோட்டில் எழுதியிருக்கிறாள். அந்த நோட்டை என்னிடம் கொண்டு வந்தார். பதினான்கு அடிகள். எழுத்துப் பிழைகளைத் தவிர வேறு பிழை இல்லை. மாமியாரை லேசாக இடித்துரைக்கும் ஓர் அடியைக் காட்டி, இது மார்க்கத்துக்கு மாறா என்று கேட்டார். மார்க்கத்துக்கு மாறன்று, சம்பந்திக்குத்தான் மாறு என்றேன். அந்த அடியை விட்டுவிடலாம் என்று அவரே சொன்னார்.

கல்யாணம் நடந்தது. டி.ஜே.க்குக் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. மண்டபத்தில் பெண்கள் மாடியிலும் ஆண்கள் கீழேயும் இருந்தார்கள். மாடிப்படியின் முகப்பில் இரண்டு மாமிமார் ஒரு கூடையை வைத்துக்கொண்டு, ஏறி வந்த பெண்களின் செல்போன்களையெல்லாம் வாங்கிப் போட்டார்களாம். அதில் சிலருக்கு மனத்தாங்கல். இஷா ஜமாஅத் மண்டபத்திலேயே நடந்தது. மாப்பிள்ளையின் தோழர்கள் சிலர் வெளியே காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் பாட்டைப் போட்டு ஆடினார்கள்தான். இல்லை என்று சொல்வதற்கில்லை.

மாடியில் நடந்ததை என் வீட்டார் வந்து சொன்னார்கள். ராத்தாவை நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் தாம்பாளத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஏழெட்டு அடி பாடியதும் அவர்களுக்குக் குரல் அடைத்துவிட்டது. நோட்டைக் கையில் வைத்திருந்த பேத்தி மீதியைப் பாடினாள். ஆடுவதற்கென்று ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்த தோழிகள் சுற்றி நின்று கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் உம்மா, இன்னொரு தடவை பாடச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். நான் கீழே கண்டது ஒன்றுதான். பெரியவர் விருந்தினரை விட்டுவிட்டு மாடிப்படியின் அடியில் வந்து, கைப்பிடியைப் பிடித்தபடி, பாட்டு முடியும் வரை அண்ணாந்து நின்று கொண்டிருந்தார். பிறகு மணமக்களுக்கு பரக்கத்தையும் நன்மையில் ஒற்றுமையையும் கேட்டு துஆ ஓதினேன். பெண் புறப்பட்டது.

இப்படிப்பட்ட பாட்டுகள் இன்னும் பல வீடுகளில் பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே பிள்ளைகளில் ஒருவரை அருகில் உட்கார வைத்து எழுதச் செய்யுங்கள். எழுதியதை ஓர் ஆலிமிடம் காட்டிக் கொள்ளுங்கள். அவர் என்னைப் போல் இருபத்திரண்டு வயதுக்காரராக இருந்தால், சற்று வயதானவரிடம் காட்டுங்கள்.

இந்தக் கல்யாணச் செய்தியை என் வீட்டார் தொலைபேசியில் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று இரவே தங்கை என்னை அழைத்தாள். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வழக்கமான குசலம் விசாரித்த பிறகு, "அந்தப் புள்ளைக்குப் பாடச் சொன்னீங்களாமே, காக்கா" என்றாள். ஆம் என்றேன். "நல்லது" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் உம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். உம்மம்மாவின் பாட்டை நினைவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். இருபது அடிக்குக் குறையாத பாட்டு அது. உம்மாவுக்கு ஐந்து அடிதான் வந்தது. புளிக்குழம்பு அடி வந்தது. நான் பிழை கண்ட அந்த அடியும் வந்தது. இறைநேசரிடம் கேட்பதை அல்லாஹ்விடம் கேட்பதாக மாற்றி, உம்மாவைப் பாடிப் பார்க்கச் சொன்னேன். ஓசை கெடவில்லை. மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மீதி அடிகளைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தங்கையின் மகளுக்கு இப்போது பத்து வயது.